கரடு ஏறப் பதினோரு பேர்

நவம்பர் 18, திங்கள்

மலையேற்றத்துக்கான திட்டங்களை எழுதத்தான் இந்த நோட்டை வாங்கினேன். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் முதல் பக்கத்தில் தேதி போட்டுவிட்டால் மீதி தானாக வந்துவிடும் போலிருக்கிறது.

நேற்று மாலை சுடர்க்கொடி போன் செய்தாள். எங்களுக்கு நிச்சயம் முடிந்து பதினொரு நாள் ஆகிறது. தை மாதக் கடைசியில் கல்யாணம்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு நாள் முழுக்க நாம ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு வரணும். சினிமா, ஹோட்டலெல்லாம் வேண்டாம். சங்கிலிக்கரடு ஏறலாமுங்களா?"

"ஏறலாமே," என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் பஸ்ஸில் இடதுபக்கம் உட்கார்ந்தால் சங்கிலிக்கரடு தெரியும். பெரிய மலை இல்லை. பாதி வழியில் ஒரு கன்னிமார் கோயில், அதற்கு மேல் ஒரு சுனை, அதற்கும் மேல் மொட்டைப் பாறை. பாறையில் ஏறுவதற்கு இரும்புச் சங்கிலி தொங்கவிட்டிருக்கிறார்கள். உச்சியில் நின்றால் சேலம் முழுவதும் தெரியுமாம்.

சுடர் தோட்டக்கலைத் துறையில் வேலை பார்க்கிறாள். வாரத்தில் மூன்று நாள் மலைக்கிராமங்களுக்குப் போய் மிளகு நாற்று எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. மலை அவளுக்குப் பழகிய இடம். நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். கடை தரைத்தளத்தில் இருக்கிறது. அது ஒரு வசதி.

திட்டமிடும் பொறுப்பை அவள் என்னிடம் விட்டுவிட்டாள்.

நவம்பர் 20, புதன்

எடுத்துப் போக வேண்டியவை: தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். தொப்பி. குளுக்கோஸ். பேண்டேஜ். விசில். கயிறு.

கடையில் லென்ஸ் வெட்டும் ஜெபராஜண்ணன் எட்டிப் பார்த்து, "கயிறு எதுக்கு தம்பி? மாடு பிடிக்கவா?" என்றார். இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.

இரவு சாப்பிட்டபின் யாரோ சங்கிலிக்கரடு ஏறி எடுத்த வீடியோ ஒன்றைப் பார்த்தேன். நாற்பது நொடியில் நிறுத்திவிட்டேன். போனில் சார்ஜ் குறைவாக இருந்தது.

நவம்பர் 22, வெள்ளி

சுடரின் அப்பா வேலாயுதம் மாமாவுக்கு மரியாதைக்காக ஒரு போன் போட்டேன். பஸ் டெப்போவில் முப்பது வருடம் டைம் கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். இப்படி வெளியே போகிறோம் என்று பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லதுதானே.

"சுடர் சொல்லுச்சு மாப்ள. போயிட்டு வாங்க," என்றார்.

"சரிங்க மாமா. ஆள் நடமாட்டம் இல்லாத கரடு. நாங்க ரெண்டு பேரு மட்டும்தான். பாக்கறவங்க நாலு விதமா பேசுவாங்களோன்னுதான் யோசிச்சேன்."

மாமா ரேடியோவை அணைப்பது கேட்டது.

"அதுவும் சரிதான்," என்றார். "நானும் வேணா வரேன் மாப்ள. கரடு ஏறி எத்தனை வருசமாச்சு."

நான் அவரை வரச் சொல்லவில்லை. அவராகத்தான் வருகிறேன் என்றார்.

நவம்பர் 24, ஞாயிறு

மாமா வந்தால் அத்தையை விட்டுவிட்டா வருவார்? அத்தை வந்தால், வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை என்று பிறந்த வீட்டிலேயே இருக்கும் சுடரின் அக்கா பூங்கொடி? சம்பந்தி வீடே வரும்போது என் அம்மா எப்படி வராமல் இருப்பார்? அம்மா என் அக்காவிடம் சொல்லிவிட்டார். அக்கா, அக்கா வீட்டுக்காரர், அவர்களுடைய இரண்டு பெண்கள். சுடரின் பெரியம்மா ஒருவருக்குக் கன்னிமாருக்குப் பொங்கல் வைக்கும் வேண்டுதல் பாக்கி இருக்கிறதாம்.

ஆக மொத்தம் பதினோரு பேர். வேன் பேசியாகிவிட்டது.

வயதானவர்கள் வருவதால் கோயில் வரைக்கும் போய்ப் பொங்கல் வைத்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்படிதான் இருக்கும். உச்சி வரை போக நேரம் இருக்காது. என்ன செய்வது.

சுடருக்கு இந்த ஏற்பாடுகளை விவரமாக எழுதி அனுப்பினேன். பதில் ஒரே ஒரு சொல் வந்தது: "சந்தோஷம்."

எனக்கும் சந்தோஷம்தான்.

நவம்பர் 27, புதன்

மின்தடை என்பதால் கடைக்கு இன்று விடுமுறை. ஜெபராஜண்ணனைக் கூட்டிக்கொண்டு வழி பார்த்து வரப் போனேன். அடிவாரத்தில் புளியமரங்கள், ஒரு டீக்கடை. கோயில் வரை கல்படி. இரண்டு பக்கமும் மரங்கள் அடர்ந்திருப்பதால் கீழே எதுவும் தெரிவதில்லை. நல்ல பாதை. கோயிலுக்கு மேலே மரம் குறைந்துவிடுகிறது.

"சுனை வரைக்கும் போய்ப் பாத்துரலாமா தம்பி?"

"நேரமாச்சுண்ணா. போதும்."

"மணி ஒம்பதரைதான ஆகுது?"

அவருக்கு எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

டிசம்பர் 1, ஞாயிறு

மழை. அம்மாவும் சுடரின் அம்மாவும் போனில் ஒரு மணி நேரம் பேசி முடிவு செய்தது: புளியோதரை எங்கள் வீடு, தயிர்சாதம் அவர்கள் வீடு. எலுமிச்சை சாதம் இரண்டு வீடும். உருளைக்கிழங்கு வறுவலில் ஏதோ கருத்து வேறுபாடு வந்து, தீர்ந்துவிட்டது.

வேலாயுதம் மாமா நேர அட்டவணை அனுப்பியிருக்கிறார். 6.10 புறப்பாடு. 6.48 அடிவாரம். 6.48 முதல் 6.56 வரை தேநீர். 7.40 கோயில். "காலதாமதம் அனுமதிக்கப்பட மாட்டாது" என்று கீழே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

டிசம்பர் 5, வியாழன்

கடை மாடிக்குப் போய் நானே ஃப்ரேம் பெட்டியை எடுத்து வந்தேன். இரும்புப் படி, பதினெட்டு. படிகளுக்கு நடுவே தரை தெரியும். இதுவரை ஜெபராஜண்ணன்தான் போய் எடுத்து வருவார். இதில் எழுத ஒன்றும் இல்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

சுடருக்கு நல்ல பிடிமானம் உள்ள ஷூ வேண்டும் என்று கடைவீதிக்குப் போனோம். வாங்கி முடித்துக் கரும்புச்சாறு குடித்தோம்.

"உங்களுக்கு மலைன்னா பிடிக்குங்களா?" என்று கேட்டாள்.

"ரொம்ப."

"அப்புறம் ஏன் இத்தனை பேர்? ரெண்டு பேருன்னுதான நான் சொன்னேன்."

"பெரியவங்க ஆசைப்படறாங்க. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

அவள் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "ரெண்டு பேரா போறதுக்குன்னு வீட்ல பத்து நாள் பேசிச் சம்மதம் வாங்கியிருந்தேங்க. அப்பா சரின்னு சொல்லிட்டு, திடீர்னு மாறிட்டார். கேட்டா, 'நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க'ங்கறார். அவர் அப்படிப் பேசற ஆளே இல்ல."

கரும்புச்சாற்றில் இஞ்சி அதிகம்.

"ஒருத்தரை ஹோட்டல்ல பார்த்தா ஒண்ணும் தெரியறதில்லைங்க," என்றாள். பிறகு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அவள் சிரித்தால் இடது கண் சற்று அதிகம் சுருங்குகிறது. அது குறைபாடு இல்லை. நான் பார்த்த கண்களிலேயே நல்ல கண்.

டிசம்பர் 14, சனி

புளியோதரை தயார். வீடு முழுக்க நல்லெண்ணெய் வாசம். நாளை 6.10.

டிசம்பர் 15, ஞாயிறு

போய்வந்தோம். எல்லோரும் பத்திரமாக வீடு திரும்பியாயிற்று. எலுமிச்சை சாதம் மிச்சம். மேலே வெயில் அதிகம் என்பதால் உச்சி வரை போகவில்லை.

டிசம்பர் 16, திங்கள்

நேற்று களைப்பில் சரியாக எழுதவில்லை.

வேன் 6.10க்குப் புறப்படவில்லை. 6.35. அக்காவின் சின்னப் பெண் ஒரு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். வேலாயுதம் மாமா கடிகாரத்தைப் பார்த்தபடி வேன் வாசலில் நின்றார். உள்ளே எல்லோரும் ஏதோ குற்றம் செய்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

அடிவாரத்தில் அக்கா வீட்டுக்காரர் ஒரு டீ குடித்தார், இன்னொரு டீ குடித்தார், புளியமரத்தடியில் பாயை விரித்துப் படுத்துவிட்டார். அவரைப் பார்த்துக்கொள்ள அக்காவும், அக்காவைப் பார்த்துக்கொள்ளப் பெண்களும் அங்கேயே தங்கிவிட்டார்கள். நான்கு பேர் குறைந்தார்கள்.

கோயிலில் பொங்கல். விறகு ஈரம், புகை கண்ணைக் கரித்தது. பெரியம்மா அழுதுகொண்டே கும்பிட்டார். புகையாலா பக்தியாலா என்று தெரியவில்லை. பொங்கல் இறக்கியதும் மாமா முழங்காலைத் தடவிக்கொண்டு, "நான் இங்கயே டூட்டி முடிச்சுக்கறேன் மாப்ள. நீங்க மேல போயிட்டுப் பதினொண்ணு பத்துக்குள்ள வந்துருங்க," என்றார். அம்மாவும் அத்தையும் பெரியம்மாவும் வாழையிலையை எடுத்து விரித்துவிட்டார்கள்.

ஆட்கள் குறையக் குறைய நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். "போயிட்டு வாங்க சாமி," என்றார்.

நானும் சுடரும் பூங்கொடி அக்காவும் சுனைக்குப் போனோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அக்கா காலை நனைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு இறங்கிவிட்டோம்.

டிசம்பர் 17, செவ்வாய்

சுடர் போன் எடுக்கவில்லை. வேலை இருக்கும்.

டிசம்பர் 18, புதன்

சுடரிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. "கொஞ்ச நாள் பேச வேண்டாங்க."

இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப் போவதில்லை. அப்புறம் யாருக்காக மறைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்?

எனக்கு உயரம் என்றால் பயம். சின்ன வயதில் எங்கிருந்தோ விழுந்தேன் என்றெல்லாம் கதை கிடையாது. காரணமே இல்லாமல் பயம். ஐந்து ரோடு மேம்பாலத்தில் ஏறாமல் கீழே சிக்னலில் நின்றுதான் தினமும் கடைக்குப் போகிறேன். முப்பத்தொரு வயதில் இதை வெளியே சொல்ல வெட்கம்.

சுனையிலிருந்து மொட்டைப் பாறைக்கு நானும் அவளும் போனோம். அவள் சங்கிலியைப் பிடித்துச் சரசரவென்று ஏறிப் பாதியில் நின்று, "வாங்க, சுலபம்தான்," என்றாள். நான் ஏறினேன். பத்தடி ஏறியிருப்பேன். கால்களுக்கு நடுவே கீழே பார்த்துவிட்டேன். புளியமரங்கள் கொத்தமல்லிக் கட்டுகள் மாதிரி இருந்தன. அதற்குப் பிறகு கை கால் எதுவும் என்னுடையதாக இல்லை. பாறையோடு ஒட்டிக்கொண்டேன். வேர்வையில் சங்கிலி வழுக்கியது.

அவள் இரண்டடி கீழே இறங்கிக் கையை நீட்டினாள். "கையைக் குடுங்க."

அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"அறிவிருக்கா உனக்கு? மனுசனைக் கொல்றதுக்குன்னே கூட்டிட்டு வந்தியா? தள்ளுடி," என்று கத்தினேன். பாறை அதைத் திருப்பிக் கத்தியது. அதுவரை அவளை நான் 'நீங்க' என்று தவிர வேறெப்படியும் அழைத்ததில்லை.

சுடர் அசையவில்லை. நாங்கள் மறந்து வைத்த தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க வந்து பாறையடியில் நின்றிருந்தார் பூங்கொடி அக்கா. என் சத்தம் கேட்டதும் அவர்தான் இரண்டு கைகளையும் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பாட்டில் உருண்டு போனது. நான் அவரைப் பார்த்துக் கத்தவில்லை. எங்களுக்கு நடுவே பத்தடிக்கு மேல் தூரம் இருந்தது. ஆனாலும் முகத்தில் அடி விழப்போகிறது என்பது போல அவர் கைகள் தாமாக எழுந்தன.

சுடர் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தாள்.

பிறகு என் பக்கத்தில் இறங்கி, "இடது காலை எடுங்க. கீழ ஒரு வெடிப்பு இருக்கு, அதுல வைங்க. இப்ப வலது கால்," என்று ஒவ்வொன்றாகச் சொல்லி என்னைத் தரைக்குக் கொண்டுவந்தாள். குரலில் கோபமே இல்லை. நின்றதும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். கோயிலில் எல்லோரும் கேட்டபோது, "மேல வெயில் ஜாஸ்தி. இறங்கிட்டோம்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் இங்கே எழுதியிருப்பது அவள் எனக்காகச் சொன்ன பொய்.

டிசம்பர் 20, வெள்ளி

வேலாயுதம் மாமா கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். அவருக்கு எதுவும் தெரியாது. சுடரும் சொல்லவில்லை, பூங்கொடி அக்காவும் சொல்லவில்லை.

"எழுத்துப் பிழை பாருங்க மாப்ள. உங்களை விட்டா கண்ணுக்கு வேற ஆளு யாரு?"

படித்தேன். பிழையே இல்லை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். திங்கட்கிழமை அச்சாகிவிடும். அச்சாகிவிட்டால் சுடர் ஒன்றும் செய்ய முடியாது. இதை நினைத்தவுடன் பத்திரிகையை அவர் பக்கமே தள்ளி வைத்தேன்.

"ரெண்டு நாள் இருக்கட்டுங்க மாமா," என்றேன்.

டிசம்பர் 21, சனி

அவள் அலுவலகத்தை ஒட்டிய நாற்றங்காலுக்குப் போனேன். பச்சை வலைக் கூரைக்குக் கீழே நாற்றுப் பைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எண்ணிக்கை தவறி, மறுபடி முதலிலிருந்து எண்ணி முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

பயத்தைப் பற்றிச் சொன்னேன். மேம்பாலம் முதல் கடை மாடி வரை எல்லாமே.

"பயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சுனையிலயே உக்காந்து பேசிட்டிருந்திருப்போம்," என்றாள்.

"இன்னொண்ணும் இருக்குங்க. உங்கப்பாவுக்குப் போன் பண்ணி, நாலு பேர் நாலு விதமா பேசுவாங்கன்னு சொன்னது நான்தான். கூட்டம் சேர்ந்தா உச்சிக்குப் போக வேண்டியிருக்காதுன்னு."

இதை எதிர்பார்க்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. பக்கத்திலிருந்த சிமெண்ட் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"அதைச் செஞ்சது நீங்களா? எங்கப்பா இப்படி மாறிட்டாரேன்னு ஒரு மாசமா அவர்கிட்ட முகங்கொடுத்துப் பேசல. கோயில்ல பொங்கல் தட்டை நீட்டினார். அதைக்கூட வாங்கல."

தொட்டியருகே சாய்ந்து கிடந்த ஒரு நாற்றுப் பையை நிமிர்த்தி வைத்தேன்.

அவளே பேசினாள். "அக்காவைப் பொண்ணு பாக்க வந்தப்ப அவ வீட்டுக்காரர் அவ்வளவு அமைதி. ஆறு மாசம் ஹோட்டல், கோயில், சினிமான்னு கூட்டிட்டுப் போனார். ஒரு சொல் அதிர்ந்து பேசினதில்ல. கல்யாணமாகி எட்டாம் நாள், திருச்சி போற பஸ்ஸு தப்பிப்போச்சு. அக்கா கிளம்ப நேரமாக்கிட்டாளாம். பஸ் ஸ்டாண்டுலயே வச்சு அடிச்சார். நாலு வருசம் கழிச்சுத்தான் எங்ககிட்டயே சொன்னா. அவர் வெளியூர்ல இருக்கார்னு உங்ககிட்ட சொன்னோமே, அது பொய்."

"ம்."

"அதனாலதான் ஒரு நாள் முழுக்க வேணும்னு கேட்டேன். களைச்சுப் போனா, பசிச்சா, ஏதாவது தப்பாப் போனா நீங்க எப்படி இருப்பீங்கன்னு பாக்கணும்."

"பாத்துட்டீங்க."

"பாத்துட்டேன்." கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். "அவர் மாதிரிதான்னு சொல்ல மாட்டேன். இல்லைன்னும் எனக்கு இன்னும் தெரியல. தையில என்னால முடியாதுங்க."

"வீட்ல நான் சொல்லிக்கறேன். உங்க பேரு வராது."

"என் பேரு வந்தாலும் பரவால்ல. பொய் மட்டும் வேண்டாம்."

டிசம்பர் 22, ஞாயிறு

வேலாயுதம் மாமா வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவரை எதற்குப் பயன்படுத்தினேன் என்பது உட்பட. அவர் மேசையிலிருந்த பத்திரிகை மாதிரியை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க கிளம்புங்க," என்றார்.

மாப்ள இல்லை. தம்பி.

வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். உப்புமா கிண்டிக்கொண்டே கேட்டார். "உயரம்னா உனக்குப் பயம்னு எனக்குத் தெரியாதா? நாலு வயசுல ஊஞ்சல்ல உக்கார மாட்டே. பயந்தது தப்பில்ல. அந்தப் புள்ள கையைத் தட்டிவிட்டியே." தட்டை என் முன்னால் வைத்தார். உப்புமாவில் உப்பு இல்லை. அப்படியே சாப்பிட்டேன்.

டிசம்பர் 31, செவ்வாய்

வருடம் முடிகிறது. போன் வரவில்லை.

ஜனவரி 8, புதன்

ஜெபராஜண்ணன் வந்து, "கண் பாக்க ஒரு அம்மா வந்திருக்காங்க," என்றார். பூங்கொடி அக்கா.

தலைவலி என்றார். நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கை அணைக்கும் முன், "லைட்டை அணைக்கட்டுங்களா?" என்று கேட்டேன். தலையசைத்தார். சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை முகத்தில் மாட்டி, ஒவ்வொரு லென்ஸாக மாற்றிப் போட்டேன்.

"இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?"

"முதல்ல வச்சது."

"இப்ப?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

கடைசி வரி வரை படித்துவிட்டார். விளக்கைப் போட்டேன். "அக்கா, அன்னைக்கு உங்களைப் பயமுறுத்திட்டேன். மன்னிச்சுக்குங்க."

சட்டத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "பயந்துதான் போனேன். அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல. நீங்க கத்தினதை நெனச்சு இல்ல தம்பி. மறுநாள் என்ன செய்வீங்களோன்னு நெனச்சு. எங்க வீட்டுக்காரர் காலைல அடிச்சா, சாயங்காலம் மல்லிப்பூ வாங்கிட்டு வருவார். நடந்ததைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டார். பூவை வாங்கி வச்சுக்கிட்டா நானும் பேசக் கூடாதுன்னு அர்த்தம்."

நான் அவர் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலைக்காக இல்லை.

"நீங்க பூ வாங்கிட்டு வரல," என்றார். "நேரா வந்து எங்கப்பாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டீங்க."

இதைச் சுடரிடம் சொல்வாரா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. படிப்பதற்கு மட்டும் கண்ணாடி போட்டால் போதும் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மாலையில் சுடரிடமிருந்து வாழ்த்து. "உங்களுக்கும்," என்று எழுதிவிட்டுப் பத்து நிமிடம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறொன்றும் வரவில்லை. பிறகு வந்தது: "அம்மாவுக்கும் சொல்லுங்க."

ஜனவரி 23, வியாழன்

ஒரு மணி நேரம் பேசினோம். முழுக்க அவள் பார்க்கும் மலைக்கிராமத்துச் சண்டை ஒன்றைப் பற்றி. யாரோ ஒருவர் வீட்டு ஆடு யாரோ ஒருவருடைய மிளகுக் கொடியைத் தின்றுவிட்டது. ஆட்டுக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது என்றேன். இல்லவே இல்லை என்றாள். முடிவாகவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

"ஞாயித்துக்கிழமை என்ன வேலை?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லை."

"கரடு?"

"வரேன். ஆனா முடியாத இடத்துல நின்னுருவேன்."

"சரி."

இந்தத் தடவை பட்டியல் எதுவும் எழுதவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

அவள் ஸ்கூட்டியில் போனோம். அவள் ஓட்டினாள். ஐந்து ரோடு வந்ததும் கேட்காமலேயே கீழ்ப் பாதையில் திருப்பினாள்.

கோயிலில் யாரும் இல்லை. கற்பூரம் காட்டிவிட்டு ஏறினோம். மரங்கள் குறைந்த இடத்திலிருந்து மலைப்பக்கமாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அவள் பள்ளத்துப் பக்கமாக வந்தாள். எதுவும் சொல்லவில்லை, சும்மா அந்தப் பக்கம் மாறிக்கொண்டாள். சுனையில் தண்ணீர் குறைந்திருந்தது. முகம் கழுவிக்கொண்டு பாறையடி வரை போய்விட்டேன். அங்கே நின்றேன்.

"இதுக்கு மேல நான் வரலைங்க. பயமா இருக்கு."

சொல்லி முடித்தபோது வேர்த்திருந்தது. ஆனால் பாறை இடிந்து விழவில்லை. அவள் முகமும் மாறவில்லை.

"எப்படி இருக்கும்? தலை சுத்துமா?"

"சுத்தாது. கீழ இருந்து யாரோ சட்டையைப் பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கும்."

கொஞ்சம் யோசித்தாள். "நான் மட்டும் போயிட்டு வரட்டுங்களா? அன்னைக்கும் பாக்கல."

"போயிட்டு வாங்க. நான் இங்க இருக்கேன்."

அவள் சங்கிலியைப் பிடித்து ஏறினாள். அண்ணாந்து பார்ப்பதே எனக்குக் கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் கண்ணை மூடவில்லை. பாறை விளிம்பைத் தாண்டி மறைந்துவிட்டாள். காற்றுச் சத்தம் மட்டும். கால் மணி நேரம் இருக்கும். பிறகு அவள் ஷூ தெரிந்தது, பிறகு அவள்.

இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்த ஆரஞ்சை உரித்துப் பாதியைக் கொடுத்தாள்.

"என்ன தெரிஞ்சுது?"

"சேலம் முழுக்கத் தெரியுது. ஏற்காட்டு ரோட்டுல பஸ்ஸு எறும்பாட்டம் ஏறுது. காத்துதான் தள்ளிவிடற மாதிரி அடிக்குது. நீங்க வராம இருந்ததே நல்லது."

சுளைகளைத் தின்றோம். விதையைத் துப்ப இடம் பார்த்துக்கொண்டே, இயல்பாகச் சொன்னாள்.

"வைகாசியில நல்ல நாள் ஏதாவது இருக்கான்னு உங்கம்மாவைப் பாக்கச் சொல்லுங்க."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வாயில் ஆரஞ்சு இருந்தது.

"அப்பாகிட்ட நான் பேசிட்டேன். உடனே சரியாயிர மாட்டார். நீங்களும் போய்ப் பேசணும். ஒரு தடவை போதாது."

"போறேன்."

"இன்னொரு தடவை என்மேல கத்தினா, அன்னைக்கு மாதிரி அமைதியா இறங்கிப் போக மாட்டேன். திருப்பிக் கத்துவேன். நல்லாக் கத்துவேன்."

"கத்துங்க."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். அம்மா எதற்கு என்று கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி எடுத்துவந்து, ஜன்னல் வெளிச்சத்தில் விரலால் தேதிகளைத் தொட்டுக்கொண்டே போனார்.

"வைகாசியில மூணு நாள் நல்லாருக்கு," என்றார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "எதுக்குன்னு நீயே உன் வாயால சொல்லு."

சொன்னேன்.